வரைபைச் சுற்றி வெள்ளை: அறிகுறி பார்த்து ஓரம் குறைப்பது

போன கிழமை பெறாமகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிணற்று நீரில் நைத்திரேற்று எவ்வளவு என்பது அவளுடைய ஆய்வு. தோட்டக் கிணறு, வீட்டுக் கிணறு என்று யாழ் குடாநாடு முழுக்க எடுத்த மாதிரிகளை ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டு முப்பதுக்கு மேல் வரைபுகள் வரைந்திருந்தாள். எல்லாவற்றையும் சுற்றி நாற்புறமும் வெள்ளை.

"சித்தப்பா, ஓரத்தை வெட்டி வெட்டிக் கை நோகுது. தரவில ஒரு எண்ணை மாத்தினாலும் முப்பதையும் திரும்ப வெட்டவேணும்."

எதால் வெட்டுகிறாய் என்று கேட்டேன். திரையைப் படம்பிடித்து, அதை வெட்டி, வேர்டில் ஒட்டுகிறாளாம். அந்த இடத்திலேயே வெக்டர் செத்துவிட்டது. பிடிஎப், எஸ்விஜி போன்ற வெக்டர் கோப்புகளில் கோடு கோடாகவும் எழுத்து எழுத்தாகவும் இருக்கும். எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாது. திரையைப் படம்பிடித்தால் எல்லாம் புள்ளிகளாகிவிடும். அச்சில் ஏன் மங்கலாக வருகிறது என்று அவள் கடைக்காரரோடு சண்டை பிடித்ததற்கும் காரணம் இதுதான்.

வெள்ளை ஓரம் அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. 7 அங்குல அகலத்தில் வரைந்த படத்தை இரட்டைப் பத்தி இதழ் ஒன்றின் 3.3 அங்குலப் பத்திக்குள் சுருக்கினால், 12 புள்ளி எழுத்து 6 புள்ளிக்கும் கீழே போய்விடும். வெள்ளையும் சேர்ந்துதான் சுருங்குகிறது. அதற்கு இடம் கொடுத்ததால் எழுத்துக்கு இடமில்லாமல் போகிறது.

கீழே கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவை பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள்தான்.

வெட்டுவதற்கு முன்: இந்த வெள்ளை யாருடையது?

கத்தரிக்கோலை எடுக்க முன் இரண்டு சோதனைகள். முதலாவது, பிடிஎப்பைத் திறந்து கோப்பின் பண்புகளில் பக்க அளவைப் பாருங்கள். 210 க்கு 297 மில்லிமீற்றர் என்றால் அது ஏ4 தாள். படம் தாளின் நடுவில் மிதக்கிறது. 178 க்கு 178 என்றால் ஆரின் இயல்பான 7 அங்குலச் சதுரம். நீங்கள் கேட்ட அளவேதான் இருக்கிறது என்றால் வெள்ளை படத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தது: மஞ்சள் பூசிப் பார்ப்பது. ஆரில் பார் கட்டளைக்குள் பிஜி என்பதற்கு மஞ்சள் கொடுத்து வரையுங்கள். பிறகு பொக்ஸ் என்ற கட்டளையைச் சும்மா ஒருமுறையும், ஃபிகர் என்ற சொல்லோடு இன்னொருமுறையும் ஓடவிடுங்கள். முதலாவது, தரவு விழும் பெட்டியைச் சுற்றிக் கோடு போடும். இரண்டாவது, ஓரங்களையும் சேர்த்துச் சுற்றும். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்டது ஓரம். உள்கோட்டுக்குள் இருப்பது அச்சுகளின் நீட்டல். வெளிக்கோட்டுக்கும் அப்பால் மஞ்சள் தெரிந்தால் வெளியோரம். வேர்டில் ஒட்டிய பிறகு மஞ்சளைச் சுற்றியும் வெள்ளை இருந்தால் படத்தில் குற்றமில்லை, வேர்டைத்தான் பிடிக்கவேண்டும். ஆரின் வரைபுப் பொதியான ஜிஜிபுளொட்டில் தீம் கட்டளையில் புளொட் பின்னணிக்கு ஒரு நிறம், பேனல் பின்னணிக்கு வேறொரு நிறம் கொடுத்தால் இதே வேலை நடக்கும்.

இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் இருட்டில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு பின்னேரம் போய்விடும்.

அறிகுறி: பெரிய தாளின் நடுவில் சின்னப் படம்

பிடிஎப் கட்டளையில் பேப்பர் என்பதற்கு யாரோ ஏ4 கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வேறொருவரிடம் வாங்கிய நிரலில் அது ஒட்டிக்கொண்டு வரும். 7 அங்குலச் சதுரத்தை ஏ4 தாளின் மையத்தில் வைத்தால் மேலும் கீழும் இரண்டே கால் அங்குலத்துக்கு மேல் வெறுமை. அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். இயல்பு நிலையான ஸ்பெஷல் என்பதில் பக்கம் படத்தின் அளவுக்கே வரும்.

பழைய இதழ்கள் சில இன்னும் ஈபிஎஸ் என்ற பழைய வகை வெக்டர் கோப்பைக் கேட்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளையை வெறுமனே ஓடவிட்டால் படம் சரிந்து, தாள் அளவுக்கு வரும். அதற்கு முன்னால் செட்ஈபிஎஸ் (ஈபிஎஸ் மட்டும் பேரெழுத்தில்) என்று ஒரு வரி போட்டால் போதும்.

மட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில் பிரின்ட் கட்டளையால் பிடிஎப் எடுத்தாலும் இதே முழுத்தாள் தொல்லைதான். 2020ஏ பதிப்பிலிருந்து எக்ஸ்போர்ட்கிராபிக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. கொன்டென்ட்டைப் என்பதற்கு வெக்டர் என்று கொடுத்தால் ஓரத்தை ஒட்டி வெட்டித் தரும். பழைய பதிப்பென்றால் பேப்பர்சைஸ் அளவைப் படத்தின் அளவுக்குக் கையால் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: தலைப்பே இல்லை, மேலே மட்டும் ஒரு முழம் வெறுமை

பெறாமகளின் வரைபுகளில் பாதிக்கு மேல் இந்த நோய்தான். ஆரின் இயல்பான ஓரம் கீழே 5.1, இடது 4.1, மேலே 4.1, வலது 2.1 வரிகள். ஒரு வரி 0.2 அங்குலம். கணக்குப் பார்த்தால் 7 அங்குலச் சதுரத்தில் தரவுக்குக் கிடைப்பது 5.76 க்கு 5.16 அங்குலம். அதாவது பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஓரத்துக்கே போகிறது. மேலேயுள்ள 4.1 வரி தலைப்புக்காக ஒதுக்கியது. ஆய்வேட்டில் தலைப்பைப் படத்துக்குக் கீழே விளக்கமாக எழுதுவதுதான் வழக்கம். அப்படியென்றால் அந்த இடம் வீண்.

பார் கட்டளையில் மார் என்பதற்கு நான்கு எண்கள். வரிசை கீழ், இடம், மேல், வலம். மணிக்கூடு சுற்றும் திசையில் கீழிருந்து தொடங்கும். நான் கொடுப்பது 3.2, 3.4, 0.5, 0.5. ஆனால் இதைமட்டும் கொடுத்தால் அச்சின் பெயர் ஓரத்தில் வெட்டுப்படும். ஏனென்றால் பெயர் நிற்கும் இடத்தை மார் தீர்மானிப்பதில்லை, எம்ஜிபி தீர்மானிக்கிறது. அதன் இயல்பு 3, 1, 0: பெயர் மூன்றாவது வரியில், எண்கள் முதலாவது வரியில், அச்சுக்கோடு பூச்சியத்தில். அதை 2, 0.6, 0 ஆக்கினால் பெயர் உள்ளே வந்துவிடும். மாரும் எம்ஜிபியும் மாட்டு வண்டிலின் இரண்டு சில்லு மாதிரி, ஒன்றை மட்டும் திருப்ப முடியாது.

இன்னொன்று. வரி என்பது எழுத்தின் அளவோடு கட்டுப்பட்டது. பிடிஎப் கட்டளையில் பொயின்ட்சைஸ் 8 என்று கொடுத்தால் ஒரு வரி 0.13 அங்குலமாகச் சுருங்கும். ஓரமும் தானாகச் சுருங்கும். ஆகவே படத்தை அச்சில் வரப்போகும் அளவிலேயே, 3.3 அங்குல அகலம், 8 புள்ளி எழுத்து என்று முதலிலேயே வரைவதுதான் என் பழக்கம். பிறகு பெருப்பிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.

நாலைந்து படங்களை ஒரே பக்கத்தில் அடுக்கும்போது ஒவ்வொன்றும் தன்தன் ஓரத்தைச் சுமந்துகொண்டு வரும். அங்கே மாரை ஒன்று, இரண்டு வரிக்குக் குறைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பெயரை ஓமா என்ற வெளியோரத்தில் எழுதுங்கள். "உருவத்தின் ஓரங்கள் மிகப் பெரிது" என்று ஆர் கத்தினால் பெரும்பாலும் ஆரை ஓட்டும் ஆர்ஸ்டூடியோவின் படச்சாளரம் சின்னதாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். நேரே பிடிஎப்புக்கு வரைந்தால் பிழை போய்விடும்.

அறிகுறி: மாரை மாற்றியும் ஒன்றும் மாறவில்லை

வரிசையைப் பாருங்கள். முதலில் பார், அப்புறம் பிடிஎப் என்று எழுதியிருப்பீர்கள். பார் அமைப்பு அப்போது திறந்திருக்கும் சாதனத்துக்கு, அதாவது படம் போய் விழும் சாளரத்துக்கோ கோப்புக்கோ மட்டுமே. பிடிஎப் கட்டளை புதிதாக ஒரு சாதனத்தைத் திறக்கும், அதில் எல்லாம் பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். பிடிஎப் திறந்து, பார் கொடுத்து, வரைந்து, டெவ்-ஓஃப் போட்டு மூட வேண்டும். திரையில் வடிவாகத் தெரிந்தது கோப்பில் மாறிவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அறிகுறி: வரைபடத்துக்கு மேலும் கீழும் மட்டும் பட்டை பட்டையாக வெள்ளை

நைத்திரேற்று அளவைக் குடாநாட்டு வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்ட படம் அது. மாரைப் பூச்சியமாக்கியும் மேலும் கீழும் வெள்ளை போகவில்லை. பெறாமகள் இரண்டு நாள் இதோடு மினைக்கெட்டிருக்கிறாள்.

இது ஓரமே இல்லை. உருவம் ஒத்துப்போகாததால் வந்த மிச்சம். நெடுந்தீவிலிருந்து ஆனையிறவுப் பக்கம் வரை எடுத்தால் நம்முடைய நிலம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு வரும். அதைச் சதுரப் பக்கத்தில் போட்டால் என்ன நடக்கும்? வரைபடங்களில் தூர விகிதம் குலையக்கூடாது. அதனால் மென்பொருள் அகலத்தை நிரப்பிவிட்டு, மிஞ்சிய உயரத்தை மேலுக்குப் பாதி, கீழுக்குப் பாதி பங்கிட்டு வெறுமையாக விடும். 7 அங்குலச் சதுரத்தில் ஏறக்குறைய பாதி இப்படிப் போய்விடும். மாரை எவ்வளவு குறைத்தாலும் இது அசையாது.

மருந்து ஓரத்தில் இல்லை, பக்கத்தின் உயரத்தில் இருக்கிறது. தரவின் நெட்டாங்கு வீச்சையும் அகலாங்கு வீச்சையும் எடுத்துப் பிரியுங்கள். நாங்கள் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இரண்டிலும் ஒரு பாகை கிட்டத்தட்ட ஒரே தூரம். திருத்தம் பெரிதாகத் தேவைப்படாது. வரும் விகிதத்துக்கு ஏற்றபடி உயரத்தைக் கொடுங்கள்: அகலம் 7 என்றால் உயரம் மூன்றரை. அச்சு எண்களுக்கும் குறிவிளக்கத்துக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜிஜிபுளொட்டில் கோர்ட்-எஸ்எஃப், கோர்ட்-ஃபிக்ஸ்ட் இரண்டுக்கும் இதே கணக்கு. உயரத்தை ஜிஜிசேவ் கட்டளையில் கொடுக்க வேண்டும். ஆரின் சாதாரண வரைபில் ஏஎஸ்பி 1, பிடிவை எஸ் என்று கொடுத்தவர்களுக்கும் இதே கதைதான்.

அவளுடைய படத்தில் இன்னொரு சிக்கல். மாதிரி எடுத்த கிணறுகள் எல்லாம் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும். ஆனால் எல்லைக்கோட்டுக் கோப்பில் நெடுந்தீவும் இருந்தது. தென்மேற்கு மூலையில் அது தனியே நிற்க, நடுவில் கடல். அந்தக் கடலும் வெள்ளையாகத்தான் தெரியும். நெடுந்தீவை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், அந்தக் கடல் மூலைக்குள்ளேயே குறிவிளக்கத்தை வை என்றேன். வலது பக்கம் அது பிடித்திருந்த இடமும் மிச்சம்.

அறிகுறி: தூண்கள் அச்சில் நிற்காமல் அந்தரத்தில் தொங்குகின்றன

இது உள்கோட்டுக்குள் இருக்கும் வெள்ளை. ஆர் தரவின் வீச்சை இரண்டு பக்கமும் 4 வீதம் நீட்டும். எக்ஸ்ஏஎக்ஸ்எஸ், வைஏஎக்ஸ்எஸ் இரண்டுக்கும் ஐ என்று கொடுத்தால் நீட்டாது. ஜிஜிபுளொட் தொடர் அளவுகளில் 5 வீதம் நீட்டும். ஸ்கேல் கட்டளையில் எக்ஸ்பான்ட் என்பதற்குக் கீழே பூச்சியம், மேலே 0.05 கொடுத்தால் தூண்கள் தரையில் நிற்கும். மேலேயும் பூச்சியம் ஆக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற கோடு அவள் படத்தின் உச்சியோடு ஒட்டி, சட்டத்தின் கோடு மாதிரியே ஆகிவிட்டது. அந்தக் கோட்டைக் காட்டத்தானே படமே வரைந்தது.

அறிகுறி: ஜிஜிபுளொட்டில் புளொட் மார்ஜின் பூச்சியம், ஆனாலும் மேலே இடம்

லாப்ஸ் கட்டளையில் தலைப்புக்கு வெற்று மேற்கோள் குறி கொடுத்திருப்பீர்கள். வெற்று எழுத்தும் எழுத்துத்தான்; அதற்கும் ஒரு வரி இடம் ஒதுங்கும். மேற்கோள் குறியை எடுத்துவிட்டு நல் என்று முழுதும் பேரெழுத்தில் கொடுங்கள். அச்சுப் பெயர்களுக்கும் அப்படித்தான். புளொட் மார்ஜினின் இயல்பே வெறும் 5.5 புள்ளிதான், அதைக் குறைத்துப் பெரிய இலாபம் இல்லை. குறிவிளக்கம்தான் உண்மையான இடந்தின்னி.

அறிகுறி: நோட்புக்கில் ஒட்டி வெட்டினதுபோல் இருந்தது, சேமித்த கோப்பில் ஓரம் வந்துவிட்டது

இது பைதன்காரர்களுக்கு. நிரலையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜூப்பிட்டர் நோட்புக், படத்தைத் தானாகவே இறுக்கி வெட்டிக் காட்டும். கோப்பாகச் சேமிக்கும் சேவ்ஃபிக் அப்படிச் செய்யாது. பைதனில் படம் வரையும் மட்புளொட்லிப்பின் இயல்பில் இடது ஓரம் அகலத்தின் 12.5 வீதம், வலது 10 வீதம். சேவ்ஃபிக் கட்டளையில் பிபொக்ஸ்-இன்ச்சஸ் என்பதற்கு டைட் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். அப்போதும் சுற்றிவர 0.1 அங்குலம் விடும். அதுவும் வேண்டாமென்றால் பாட்-இன்ச்சஸ் பூச்சியம்.

ஆனால் டைட்டில் ஒரு பொறி இருக்கிறது. அது வெட்டுவதால் கோப்பின் அளவு நீங்கள் கேட்ட அளவாக இராது. ஒவ்வொரு படமும் ஒவ்வோர் அகலத்தில் வரும். எல்லாவற்றையும் பத்தி அகலத்துக்கு இழுத்தால் ஒரு படத்தில் எழுத்துப் பெரிது, இன்னொன்றில் சிறிது. ஆய்வேட்டுக்கு நான் சொல்வது படத்தைத் திறக்கும்போதே லேஅவுட் என்பதற்குக் கொன்ஸ்ட்ரெயின்ட் கொடுப்பது. அளவு மாறாது, உள்ளே இருப்பது ஓரம்வரை விரியும்.

அறிகுறி: இங்க்ஸ்கேப்பில் பக்கத்தைப் படத்துக்குச் சுருக்கச் சொன்னால் அசையவே இல்லை

வெக்டர் படங்களைத் திருத்தும் இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தினால் பக்கம் படத்தின் எல்லைக்குச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எல்லையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆரின் எஸ்விஜி சாதனம் முழுப்பக்க அளவில் ஒரு வெள்ளைச் செவ்வகத்தை அடியில் போடும். இங்க்ஸ்கேப்புக்கு அதுவும் படம்தான். குழுவைக் கலைத்து, வெறுமையான மூலையில் ஒருமுறை சொடுக்கி, பிடிபட்டதை அழித்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். அடுத்த முறைக்கு எஸ்விஜி கட்டளையிலேயே பிஜி என்பதற்கு டிரான்ஸ்பேரன்ட் கொடுத்துவிட்டால் செவ்வகமே வராது.

அறிகுறி: நிரல் கையில் இல்லை, பிடிஎப் மட்டும் இருக்கிறது

இங்கேதான் வெட்டுவது நியாயம். லேட்டெக் என்ற தட்டச்சமைப்பு மென்பொருளுக்கான டெக்லைவ் தொகுதியை நிறுவியிருந்தால் அதோடு பிடிஎப்குரொப் வந்திருக்கும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் வெள்ளையை அளந்து வெட்டி, பெயரின் கடைசியில் குரொப் என்று சேர்த்துப் புதிய கோப்பாகத் தரும். வெக்டர் வெக்டராகவே இருக்கும். மார்ஜின்ஸ் 2 என்று கொடுத்து இரண்டு புள்ளி இடம் விடுங்கள்; ஒட்ட வெட்டினால் ஓரத்துக் கோடுகள் பாதி தடிப்பில் வரக்கூடும். நிரல் கையில் இருக்கிறவர்கள் இதைக் கடைசியில்தான் தொடவேண்டும்.

அறிகுறி: இப்போது மற்றப் பக்கம், ஊர்ப்பெயர் வெட்டுப்படுகிறது

ஓரத்தைக் குறைத்த கையோடு வரும் நோய் இது. நிலை அச்சில் "பருத்தித்துறை", "சாவகச்சேரி" என்று கிடையாக எழுதினால் 3.4 வரி இடது ஓரம் போதாது. இடது எண்ணை மட்டும் 7, 8 என்று கூட்டிப் பாருங்கள். பெயர்கள் எழுத்தாகவே வராமல் புள்ளி புள்ளியாக வந்தால் அது ஓரப் பிரச்சினையே இல்லை. ஆரின் பிடிஎப் சாதனத்துக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கெய்ரோ-பிடிஎப் சாதனத்தில் வரைந்து, தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரைக் கொடுங்கள். எழுத்துரு மாறினால் பெயரின் நீளமும் மாறும், ஆகவே எழுத்துருவை முடிவு செய்துவிட்டுத்தான் ஓரத்தைத் தொடவேண்டும். நான் மாறிச் செய்து முப்பது படத்தையும் இரண்டு தரம் ஓடவிட்டேன்.

அறிகுறி: கோப்பு சரி, ஆய்வேட்டில் மட்டும் வெள்ளை

லேட்டெக்கில் ஃபிகர் சூழலுக்குள் சென்டர் சூழலைத் திறந்தால் மேலும் கீழும் இடம் விடும். அதற்குப் பதில் சென்டரிங் என்ற ஒற்றைக் கட்டளை போதும். படத்தைச் சேர்க்கும் கட்டளையில் டிரிம் கொடுத்து வெட்டுகிறவர்கள் பக்கத்திலேயே கிளிப் என்றும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பகுதி மறையாமல் பக்கத்து எழுத்தின்மேல் ஏறி நிற்கும். டிரிம்மின் வரிசை இடம், கீழ், வலம், மேல். மாரின் வரிசை கீழ், இடம், மேல், வலம். யார் இப்படி வைத்தார்களோ!

வேர்டில் படத்தைச் சொடுக்கிப் பாருங்கள். சட்டம் படத்தை ஒட்டி நின்றால் மிச்ச வெள்ளை பந்தி இடைவெளி. பந்தி அமைப்பில் முன், பின் இரண்டையும் பூச்சியம் ஆக்குங்கள்.

கடைசியாக அச்சுக் கடை. எல்லாம் சரிசெய்து கொண்டுபோன பெறாமகளின் முதல் பிரதியில் படம் மறுபடி சிறுத்து, பக்கத்தைச் சுற்றி அகலமாக வெள்ளை. அங்கே கணினியில் "தாளுக்குள் பொருத்து" என்று தெரிவாகியிருந்தது. "உண்மை அளவு" என்பதற்கு மாற்றச் சொல்லி ஒரு பக்கம் மட்டும் எடுத்து, அடிமட்டத்தை வைத்து அளந்தாள். 8.4 சென்ரிமீற்றர். பிறகுதான் மிச்சத்தை அடிக்கச் சொன்னாள்.